தீபாவளிச் சரக்கு: அப்பாவின் மனக்கணக்கா, பிள்ளையின் அட்டவணையா?

ஜார்ஜ்டவுன்: லிட்டில் இந்தியாவில் தீபாவளி வியாபாரம் சில வாரங்கள்தான். அதற்கான சேலைக்கும் சுடிதாருக்கும் இந்தியாவில் உள்ள மொத்த வியாபாரிகளிடம் பல மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். எத்தனை உருப்படி எடுப்பது? பல கடைகளில் அது முதலாளியின் மனக்கணக்கு. வணிக நிர்வாகம் படித்த பிள்ளை கணினியில் அட்டவணை போட்டுக் காட்டினால், முதலில் கடையில் நின்று பழகு என்பதுதான் பதிலாக வரும்.

இதே வாக்குவாதம் ஆய்வாளர்களுக்குள்ளும் நடந்தது. கேரி கிளைன் தீயணைப்பு அதிகாரிகளை ஆராய்ந்தவர். அனுபவசாலி நாலு வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, பழகிய அடையாளம் கண்ணில் பட்டதும் செய்ய வேண்டியது அவருக்குத் தெரிந்துவிடுகிறது என்றார் அவர். 2002இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமனோ, மனக்கணக்கு எங்கெல்லாம் தவறும் என்பதையே பல்லாண்டு காட்டி வந்தவர். 2009இல் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். அனுபவத்தை நம்பலாம், ஆனால் சூழல் ஓர் ஒழுங்கில் இருக்க வேண்டும், எடுத்த முடிவு சரியா தப்பா என்பது சீக்கிரமும் அடிக்கடியும் தெரியவர வேண்டும் என்பது அவர்கள் கண்ட பொது முடிவு.

இதை நம் கடைத்தெருவில் வைத்துப் பாருங்கள். காலையில் வாங்கிய மல்லிகை விற்றதா வாடியதா என்பது பூக்காரருக்கு இரவுக்குள் தெரியும். ஆண்டுக்கு முந்நூறு பாடத்துக்குக் குறையாது. அவர் மனக்கணக்கில் யாரும் கை வைக்க வேண்டாம். துணிக்கடைக்கு வருவதோ ஆண்டுக்கு ஒரே தீபாவளி. முப்பது ஆண்டு அனுபவம் என்றால் முப்பதே பாடம். அதிலும் இணைய விற்பனை வந்த பிறகு பழைய பாடங்கள் எத்தனை செல்லுபடியாகும்?

நகரத்தார் கதை இங்கே பொருந்தும். லெபோ பினாங்கில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்தவர்கள் அவர்கள். மூன்றாண்டுக்கு ஒரு மேலாள், ஊருக்கு ஒழுங்காகப் போகும் கணக்கு என்று அனுபவத்தையும் ஏட்டையும் ஒன்றாக வைத்திருந்தார்கள். ஆனால் 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது பர்மாவில் கடன் திரும்பவில்லை. 1938வாக்கில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் கையில் வந்து நின்றது. கேட்டது பணம், கிடைத்தது வயல். கணக்கு எழுதியதில் பிழையில்லை, காலம் மாறிவிட்டது.

சரி, ஆய்வுக் கணக்கு என்ன சொல்கிறது? 40 ரிங்கிட்டுக்கு வாங்கிய சேலை 100க்கு விற்றால் லாபம் 60. மிஞ்சினால் 20க்குத் தள்ளிவிடலாம், நட்டம் 20. இரண்டையும் கூட்டினால் 80. அதில் 60 என்பது முக்கால் பங்கு. எனவே நாலு தீபாவளியில் மூன்றில் கொஞ்சம் மிஞ்சும் அளவுக்கு வாங்குவதே லாபம். மிஞ்சவே கூடாது என்று நினைக்கும் முதலாளிக்கு இது கசக்கும். சுவைட்சர், கஷோன் இருவரும் 2000இல் வெளியிட்ட சோதனையில், லாபம் கூடிய சரக்கை மக்கள் குறைவாகவே வாங்கினார்கள். தவறியவர்கள் யார் தெரியுமா? வணிக நிர்வாக முதுகலை மாணவர்கள்!

முதலாளி பக்கமும் நியாயம் உண்டு. மிஞ்சிய சேலையில் முடங்கும் பணம் அந்தச் சூத்திரத்தில் இல்லை. வாடகையும் சம்பளமும் மாதம் பிறந்தால் நிற்கின்றன. கைமுதல் குறைந்த கடை கொஞ்சம் குறைத்தே எடுப்பதைத் தவறு என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை இருவருமே பார்ப்பதில்லை. மிஞ்சிய சேலை அலமாரியில் கண்ணெதிரே கிடக்கிறது. கேட்ட நிறமோ அளவோ இல்லாமல் திரும்பிப் போனவர் எந்த ஏட்டிலும் இல்லை. கல்லாவின் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, இல்லை என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டு வந்தால், அடுத்த ஆண்டு அட்டவணை போடும் பிள்ளைக்கும் அதுதான் முதலில் தேவைப்படும்.