பயணப் பாதையும் இறை நாட்டமும்

உம்ராவுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. உற்றார் உறவினர் இல்லங்களுக்குச் சென்று பயணம் சொல்லி, அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்கு மன்னிப்பும் கேட்டாகிவிட்டது. பெட்டி கட்டும் வேளையில் வருகிறது அந்தச் செய்தி: செல்லவிருக்கும் நாட்டில் குண்டு வெடித்து உயிர்கள் பலியாகிவிட்டன!

வீடு இரண்டுபடுகிறது. "அல்லாஹ்வின் இல்லத்துக்குப் புறப்பட்டவர் உயிருக்கு அஞ்சலாமா?" என்கிறார் ஒருவர். "தெரிந்தே ஆபத்தில் போய் விழுவதா? பிள்ளைகளின் கதி என்ன?" என்கிறார் மற்றொருவர். இருவர் சொல்லிலும் அன்பிருக்கிறது. ஆயினும், இடையில் நிற்பவரின் உள்ளம் என்ன பாடுபடும்!

இது வெறும் கற்பனையன்று. 1979ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், ஹிஜ்ரி 1400 பிறந்த அன்று, சுப்ஹுத் தொழுகை வேளையில் ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டத்தார் மக்காவின் ஹரம் ஷரீபைக் கைப்பற்றினர். அந்த முற்றுகை டிசம்பர் 4ஆம் நாள்வரை நீடித்தது. 2016ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் இஸ்தான்புல் விமான நிலையத் தாக்குதலில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அடுத்த ஆறாம் நாள், ஜூலை 4ஆம் நாள், நோன்பு திறக்கும் அந்திப் பொழுதில் மதீனாவின் மஸ்ஜிதுந் நபவீ அருகே ஒருவன் தன்னோடு குண்டை வெடிக்கச் செய்தான். பாதுகாப்பு வீரர்கள் நால்வர் உயிர் நீத்தனர். அநியாயமாக ஓர் உயிரைக் கொல்வது மாந்தர் அனைவரையும் கொல்வதற்கு ஒப்பாகும் எனக் கூறும் மார்க்கத்தின் புனித நகரிலேயே இக்கொடுமை நிகழ்ந்தது.

இத்தகைய வேளையில் போவதா, நிற்பதா? இதற்கு மார்க்கம் காட்டும் வழி யாது?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலம். அன்னார் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடத்தை அடைந்தபோது, படைத் தலைவர் ஹழ்ரத் அபூஉபைதா (ரலி) அவர்கள் எதிர்கொண்டு, ஷாமில் கொள்ளை நோய் பரவியிருப்பதை அறிவித்தார்கள். கலீபா அவர்கள் உடனே முடிவு செய்துவிடவில்லை. முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள், கருத்து வேறுபட்டது. அன்ஸார்களை அழைத்தார்கள், அங்கும் வேறுபட்டது. குறைஷிகளின் முதியவர்களை அழைத்தார்கள். திரும்புவதே நன்று என அவர்கள் ஒருமனதாய் உரைத்தனர். அவ்வாறே முடிவாயிற்று.

"இறைவனின் விதியைக் கண்டு ஓடுவதா?" என்ற பொருள்பட அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவ, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விடையிறுத்தார்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரை செழிப்பாகவும் மறுகரை வறண்டும் இருப்பின், ஒட்டகத்தை எக்கரையில் மேய்த்தாலும் அது இறை விதியே அன்றோ என்று விளக்கமும் தந்தார்கள். நோய் பரவிய ஊருக்குள் நுழைய வேண்டாம். இருக்கும் ஊரில் பரவினால் வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியைப் பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துரைக்க, கலீபா அவர்கள் இறைவனைப் புகழ்ந்தவர்களாகத் திரும்பினார்கள்.

கொள்ளை நோய் வேறு. குண்டு வெடிப்பு வேறு. நோய் ஊரெங்கும் பரவி நிற்பது. தாக்குதல் ஓரிடத்தில் நிகழ்ந்து முடிவது. எனவே, எங்கேனும் வெடித்தால் எவரும் போகலாகாது என்பது இதன் படிப்பினை அன்று. அறிந்தவரைக் கேட்டு, எடைபோட்டு முடிவு செய்வது தவக்குலுக்கு மாறானதன்று என்பதே படிப்பினை.

ஹஜ் என்பது சென்றுவர ஆற்றல் பெற்றோர்க்கே கடமை. ஷாஃபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளின் சட்ட நூல்களும் அந்த ஆற்றலைக் குறித்துப் பேசுகையில் வழியின் அச்சமற்ற நிலையையும் சேர்த்தே பேசுகின்றன. ஆகவே, பாதை பாதுகாப்பானதா என்று வினவுபவரை ஈமான் குறைந்தவர் என இகழ்வது முறையாகுமா?

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1400 தோழர்களுடன் இஹ்ராம் அணிந்து சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள், ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை செய்துகொண்டு உம்ரா நிறைவேற்றாமலே திரும்பினார்கள். தோழர்கள் துயரத்தால் செயலற்று நின்றபோது, தாங்களே முதலில் குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு யோசனை கூறியவர்கள் அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள். அவ்வாறே செய்தார்கள், தோழர்களும் பின்பற்றினர். மறு ஆண்டு உம்ரா நிறைவேறிற்று. தள்ளிப்போன பயணம் தவறிப்போன பயணம் ஆகாது. பயணம் பற்றிய முடிவில் இல்லத்தரசியின் சொல்லுக்கும் இடமுண்டு என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

மறுபுறம், வதந்திக்கு அஞ்சி நிற்பதும் அறிவுடைமை அன்று. அச்சத்தையோ அமைதியையோ பற்றிய செய்தி கிட்டினால், அதைப் பரப்பாமல் பொறுப்புள்ளோரிடம் கொண்டு செல்லுமாறு திருமறையின் அந்நிஸா அத்தியாயம் அறிவுறுத்துகிறது. எனவே, கைப்பேசியில் வந்து குவியும் படங்களை நம்பற்க. வெளியுறவு அமைச்சகமும் அந்நாட்டிலுள்ள நம் தூதரகமும் என்ன கூறுகின்றன என்று பாருங்கள். தாக்குதல் நடந்த இடத்துக்கும் நீங்கள் தங்கும் ஊருக்கும் எவ்வளவு தொலைவு? விமானம் எந்த நகரம் வழியே செல்கிறது? தேதியை மாற்ற இயலுமா? இவற்றையெல்லாம் பயண ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். செல்வது கடமையான ஹஜ்ஜுக்கா, முன்பே நிறைவேற்றிய உம்ராவை மீண்டும் செய்யவா, உல்லாசப் பயணமா என்பதையும் எண்ணுங்கள். கடமைக்குரிய எடை மற்றவற்றுக்கு இல்லை. பின்னர் இரண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுது முடிவு செய்யுங்கள்.

போவதென முடிவானால் கடனை அடைத்து, வஸிய்யத் எழுதி வைத்து, மன அமைதியுடன் புறப்படுங்கள். மதீனாவில் குண்டு வெடித்த அதே 2016ஆம் ஆண்டில், இரண்டே மாதங்களில், 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஹஜ் நிறைவேற்றினர் என்பது நினைவிருக்கட்டும்.

நிற்பதென முடிவானால் குற்ற உணர்வு வேண்டாம். சென்றவரை அசட்டுத் துணிச்சல்காரர் என்றும், நின்றவரைக் கோழை என்றும் எவரும் பேச வேண்டாம். உமர் (ரலி) அவர்கள் திரும்பினார்கள். அபூஉபைதா (ரலி) அவர்களோ தம் படையினருடன் ஷாமில் தங்கி, அந்நோயிலேயே மறைந்தார்கள். இருவரையும் இந்த உம்மத் கண்ணியத்துடனே நினைவுகூர்கிறது.

புறப்படுவோர் பாதையையும் வழியனுப்புவோர் உள்ளத்தையும் வல்ல இறைவன் அச்சமற்றதாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.