பட்டம் வாங்கியாயிற்று, பட்டாளத்துக்கு வயதாகிவிட்டதா?

சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையத்தின் அணிவகுப்புத் திடலுக்குப் பரமேஸ்வரன் திடல் என்று பெயர். பயிற்சி முடித்துத் தோளில் நட்சத்திரம் ஏற்கப்போகும் இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கேதான் கடைசியாக ஒருமுறை மிடுக்காக நடந்து காட்டுகிறார்கள். அந்தப் பெயருக்கு உரிய மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பம்பாயில் பிறந்த தமிழர். 1968இல் அறிவியலில் பட்டம் பெற்றார். பரங்கிமலைக்கு அவர் வந்து சேர்ந்தது 1971இல். 1972 ஜூன் 16 அன்று மகார் ரெஜிமென்ட்டில் அதிகாரியானபோது அவருக்கு வயது 25. பள்ளி முடித்த கையோடு ராணுவ அகாடமிக்குப் போனவர்கள் அந்த வயதில் பணியில் நாலைந்து ஆண்டு சீனியராகியிருப்பார்கள். 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், அமைதிப்படைப் பணியில் அவர் உயிரிழந்தார். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதான பரம்வீர் சக்ரா அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

கல்லூரி முடித்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து, ஏதோ ஒரு வேலையில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது, 'ராணுவத்துக்குப் போயிருக்கலாமே' என்று நினைக்கும் பட்டதாரிகள் தமிழ்நாட்டில் நிறைய. 'அமரன்' படம் வந்த பிறகு அந்த நினைப்பு இன்னும் பல வீடுகளில் பேச்சாகியிருக்கிறது. அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜனும் பி.காம். முடித்து, இதழியலில் டிப்ளமோவும் படித்துவிட்டுத்தான் பரங்கிமலைக்குப் போனார். 2006இல் ராஜ்புத் ரெஜிமென்ட்டில் லெப்டினன்ட் ஆனார். நினைப்பு வந்தவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: 'எனக்கு வயது தாண்டிவிட்டதா?'

தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம். எந்த வழியாகப் போகிறோம் என்பதைப் பொறுத்தது அது. ராணுவத்துக்கு வாசல் ஒன்றல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வயதில் மூடுகிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரே வாசலில் நின்று வருடங்களைத் தொலைப்பவர்கள்தான் அதிகம்.

முதலில் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். விண்ணப்பிக்கும் நாளையோ தேர்வு நாளையோ வைத்து அல்ல. பயிற்சி தொடங்கும் காலத்தை ஒட்டி அறிவிப்பில் ஒரு தேதி போட்டிருப்பார்கள், அதை வைத்து. தேர்வுக்கும் பயிற்சிக்கும் நடுவே ஏறக்குறைய ஓராண்டு ஓடிவிடும். ஆகவே 24 வயதில் 'இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது' என்று நிம்மதியாக இருப்பவருக்கு உண்மையில் அதுவே கடைசி வாய்ப்பாக இருக்கலாம். இன்னொன்று, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிதான் செல்லும். பள்ளியில் சேர்க்கும்போது அப்பாவோ தலைமையாசிரியரோ வசதிக்காக ஒரு தேதியைச் சொல்லிப் பதிந்த வழக்கம் நம் ஊர்களில் உண்டு. ஜாதகத்தில் இருக்கும் தேதியைப் பிறகு காட்டிப் பயனில்லை.

பட்டதாரிகளுக்கான பெரிய வாசல் மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். எனப்படும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு. இதில் டேராடூன் ராணுவ அகாடமிக்கு வயது வரம்பு 24, பரங்கிமலைக்கு 25. கலைப் பிரிவில் படித்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பரங்கிமலையை மட்டும் கேட்பவர்கள் கணிதத் தாளை எழுத வேண்டியதில்லை. ஆங்கிலமும் பொது அறிவும் போதும். பன்னிரண்டாம் வகுப்போடு கணக்கை மறந்துவிட்ட ஒரு வரலாற்றுப் பட்டதாரி, அந்தத் தாளுக்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவது வருத்தமான விஷயம். இத்தனை தடவைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. வயது ஒன்றுதான் எல்லை.

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்து 'சி' சான்றிதழ் வாங்கியவர்களுக்கு எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக நேர்முகத் தேர்வு. அங்கும் வரம்பு 25. பொறியாளர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் மூச்சு கிடைக்கிறது. பொறியியல் மதிப்பெண்ணை வைத்தே அழைக்கும் இரண்டு நுழைவுகளில் 27 வரை போகலாம். சட்டம் படித்தவர்களுக்கான நுழைவிலும் 27. மருத்துவர்களுக்கு எம்.பி.பி.எஸ். என்றால் 30, முதுநிலை முடித்திருந்தால் 35. சிப்பாயாகச் சேரும் அக்னிபத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டபோது வயது பதினேழரை முதல் 21 வரை என்றுதான் இருந்தது. கொரோனாவால் ஆள்சேர்ப்பு நின்றிருந்ததால் அந்த ஒரு முறை மட்டும் 23 ஆக்கினார்கள். பட்டம் வாங்கும்போதே பலருக்கு 21 ஆகிவிடுகிறது. அதனால் சற்று வயது கூடிய பட்டதாரிக்குப் பெரும்பாலும் அதிகாரி நுழைவுதான் வழி.

பெரும்பாலான அதிகாரி நுழைவுகளில் நடுவில் நிற்கிறது எஸ்.எஸ்.பி. எனப்படும் ஐந்து நாள் தேர்வு. தமிழ்நாட்டிலிருந்து பலர் இதற்காகப் பெங்களூருக்குப் போகிறார்கள். பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள். மார்பில் கட்டிய எண்தான் அடையாளம். முதல் நாளே ஒரு வடிகட்டல் உண்டு. மங்கலான ஒரு படத்தைக் காட்டி, அதற்கு ஒரு கதை எழுதச் சொல்லி, பிறகு குழுவாகப் பேசவிடுவார்கள். அதில் தேறாதவர்கள் அன்றே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலேற வேண்டும். மிஞ்சியவர்களுக்கு மனவியல் சோதனைகள். அறுபது சொற்கள், சொல்லுக்குப் பதினைந்து நொடி. சொல்லைப் பார்த்ததும் மனதில் தோன்றுவதை ஒரு வாக்கியமாக எழுத வேண்டும். அடுத்து அறுபது சூழ்நிலைகள், அரை மணி நேரம். பிறகு மைதானத்தில் பலகையும் கயிறும் பீப்பாயும் கொடுத்து, குழுவாகத் தடையைத் தாண்டச் சொல்வார்கள். தனி நேர்காணலும் உண்டு. கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் கூடி அமர்ந்து முடிவெடுப்பார்கள்.

வயது கூடியவருக்கு இங்கே ஒரு பலமும் ஒரு சிக்கலும் சேர்ந்தே வருகின்றன. போன உடனே பூர்த்தி செய்யும் தன்விவரப் படிவத்தில் படிப்பு, வேலை, விளையாட்டு, குடும்பம் எல்லாம் எழுத வேண்டும். நேர்காணல் அதிலிருந்துதான் விரியும். 21 வயதுக்காரரிடம் கல்லூரியைப் பற்றிக் கேட்பார்கள். 25 வயதுக்காரரிடம், 'இத்தனை நாள் என்ன செய்தீர்கள், ஏன் இப்போது?' என்பதுதான் கேள்வி. வேலை பார்த்த இடத்தில் பத்துப் பேரை வைத்து ஒரு காரியத்தை முடித்த அனுபவமோ, அப்பா படுத்துவிட்டபோது கடையை எடுத்து நடத்திய இரண்டு வருடமோ இருந்தால் அதைவிட நல்ல பதில் வேறு இல்லை. வங்கித் தேர்வு, குரூப் தேர்வு என்று எல்லாவற்றுக்கும் படித்து எதுவும் கிடைக்காததால் இங்கே வந்தேன் என்பது முகத்தில் தெரிந்தால், அந்த ஐந்து நாளில் அதை மறைப்பது கடினம். மனப்பாடம் செய்த பதிலைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சோதனைகளை ஒன்றோடொன்று உரசிப் பார்க்கும்படி அமைத்திருக்கிறார்கள்.

உடம்பும் ஒரு கணக்குக் கேட்கும். பயிற்சிக்கு வரும் ஆண்கள் 2.4 கிலோமீட்டரைப் பத்தரை நிமிடத்தில் ஓடவும், 40 தண்டால் எடுக்கவும், கம்பியில் ஆறு முறை எம்பவும் தயாராக வர வேண்டும் என்று அறிவிப்புகளிலேயே குறிப்பிடுகிறார்கள். மூன்று வருடம் கணினி முன்னால் உட்கார்ந்தவருக்கு இது ஒரு மாதத்தில் வராது. ஆறு மாதம் விடாமல் காலையில் எழுந்து ஓடினால் வரும். பரங்கிமலையில் பயிற்சி 49 வாரம். பக்கத்தில் ஓடுபவருக்கு 21 வயது என்பதற்காக யாரும் உங்களுக்கு ஒரு நொடியும் கூட்டித் தரமாட்டார்கள்.

இப்படி வயதை இறுக்கிப் பிடிப்பது ஏன் என்று கேட்கலாம். அமெரிக்காவில் கடற்படை 2022இல் சேரும் வயதை 41 ஆகவும், விமானப்படை 2023இல் 42 ஆகவும் உயர்த்தின. அங்கே ஆள் கிடைப்பது கடினமாகிவிட்டது. இங்கே விண்ணப்பங்களுக்குக் குறைவில்லை. அதைவிட முக்கியமான காரணம், ராணுவத்தின் பதவிக் கட்டமைப்பு மேலே போகப்போகக் குறுகும் கோபுரம். 1999 கார்கில் போருக்குப் பிறகு, மலையில் பட்டாலியனை நடத்தும் அதிகாரிகளுக்கு வயது அதிகமாக இருக்கிறது என்ற கவலை எழுந்து, அதைக் குறைக்க ஏ.வி.சிங் குழு அமைக்கப்பட்டது. 2004இல் அதன் பரிந்துரைகளின் முதல் பகுதி நடைமுறைக்கு வந்தது. இப்போது லெப்டினன்ட்டாகச் சேர்ந்தவர் இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். 22இல் சேர்ந்தவர் 35இல் எட்டும் இடத்தை 27இல் சேர்ந்தவர் 40இல்தான் எட்டுவார். கர்னலுக்கு ஓய்வு வயது 54. தாமதமாக வருபவர் மேல்படிகளுக்கான காலத்தில் ஐந்தாண்டை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

வீட்டில் பேச வேண்டிய கணக்கும் உண்டு. லெப்டினன்ட்டின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். அதே தொகை பயிற்சியின்போது உதவித்தொகையாகக் கிடைக்கிறது. பணியில் சேர்ந்தபின் ராணுவச் சேவைக்காக 15,500 ரூபாயும் அகவிலைப்படியும் பிற படிகளும் சேரும். கல்விக் கடன் கட்டும் வீட்டுக்கு இது சின்ன ஆறுதல் அல்ல. ஆனால் பரங்கிமலை தருவது குறுகிய காலப் பணி: பத்து ஆண்டு, விரும்பினால் மேலும் நான்கு. நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாவிட்டால் ஓய்வூதியம் இல்லை. பணிக்கொடையோடு 36 வயதிலோ 40 வயதிலோ வெளியே வந்து இன்னொரு வேலையைத் தேட வேண்டும். ஐந்து ஆண்டாவது பணியாற்றிய குறுகிய கால அதிகாரிகளுக்குக் குடிமைப் பணித் தேர்வில் ஐந்தாண்டு வயதுச் சலுகை உண்டு. திருமணப் பேச்சு வேறு இருக்கும். பெரும்பாலான நுழைவுகளில் பயிற்சி முடியும்வரை கல்யாணம் கூடாது. பெண்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடினமாக விழுகிறது. 24 வயதில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்ட வீட்டில் இந்த இரண்டு வருடத்தைக் கேட்டு வாங்குவதே ஒரு எஸ்.எஸ்.பி.

வரம்பு தளர்ந்த இடமும் இருக்கிறது. பணியில் இறந்த படையினரின் மனைவிகளுக்கு 35 வயது வரை வழி உண்டு. 2015இல் காஷ்மீரில் கொல்லப்பட்ட கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி ஸ்வாதி, இரண்டு குழந்தைகளின் தாய், ஆசிரியராக இருந்தவர். அந்த வரம்பையும் தாண்டியிருந்த அவருக்குத் தனிச் சலுகை கிடைத்தது. 2017 செப்டம்பரில் பரங்கிமலையில் பயிற்சி முடித்து லெப்டினன்ட் ஆனார். 2019இல் புல்வாமாவில் கணவர் மேஜர் விபூதி தவுண்டியாலை இழந்த நிகிதா கவுல், தனியார் நிறுவன வேலையை விட்டு 2021 மே மாதம் அதே திடலில் அணிவகுத்தார்.

27ஐயும் கடந்துவிட்ட மற்றவர்களில் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது டெரிட்டோரியல் ஆர்மி எனப்படும் பிராந்திய ராணுவம். 1949 அக்டோபர் 9 அன்று அதைத் தொடங்கி வைத்தவர் அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. அதிகாரி வேலைக்கு 18 முதல் 42 வயது வரையிலான பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம், திருமணம் தடையில்லை. ஒரே நிபந்தனை, வேறொரு வேலையோ தொழிலோ இருந்து அதில் வருமானம் வர வேண்டும். இதை முழுநேர உத்தியோகமாக நினைத்து வருபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆண்டுக்கு இரண்டு மாதப் பயிற்சி, முதல் இரண்டு ஆண்டுக்குள் டேராடூனில் மூன்று மாதம், அழைப்பு வந்தால் பணி. சீருடையில் இருக்கும் நாட்களுக்கு மட்டும் சம்பளம். எழுத்துத் தேர்வும் எஸ்.எஸ்.பி.யும் இங்கும் உண்டு. அரசியல்வாதி சச்சின் பைலட் 2012இல் இந்த வழியாக லெப்டினன்ட் ஆனபோது அவருக்கு 35 நிறைய ஒருநாள் இருந்தது. இன்னொரு அரசியல்வாதி அனுராக் தாக்கூர் 2016இல் ஆனபோது வயது 41.