பூத்த காட்டைப் பார்த்து வருவோம்

காட்டுக்குப் போவது நமக்குப் புதிதா என்ன? விறகுக்குப் போவோம், ஆடு ஓட்டிப் போவோம். தலையில் சுமையோடு திரும்பும்போது யார் அண்ணாந்து பார்க்கிறோம்? பங்குனி, சித்திரையில் ஒரு நாள் குழுவாகச் சேர்ந்து, பார்ப்பதற்கென்றே போய் வாருங்கள்.

தூரத்தில் பார்த்தால் மலையடிவாரம் காய்ந்து கிடப்பது போலத்தான் தெரியும். கிட்டே போனால் புரச மரம் ஓர் இலைகூட இல்லாமல் கிளை முழுக்க நெருப்பு நிறத்தில் பூத்திருக்கும். கோங்கு மரத்தில் பெரிய பெரிய மஞ்சள் பூ. கோடையில் தண்ணீரை மிச்சம் பிடிக்கத்தான் இம்மரங்கள் இலையை உதிர்க்கின்றன. இலை மறைக்காததால் மைனாவுக்கும் தேன்சிட்டுக்கும் புரசம்பூ சட்டென்று தெரியும். தேன் குடிக்க வரும் அவையே மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகும். சித்திரை பிறந்தால் கொன்றை சரம் சரமாகத் தொங்கும். தரையில் பூப்பவற்றில் பலவற்றுக்கு மழை வேண்டும். நம் மாநிலப் பூவான செங்காந்தளைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை வரை பொறுக்கணும்.

உதிர்ந்த சருகில்தான் ஆபத்தும் இருக்கு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலைக்குப் போனவர்களில் 20 பேருக்கு மேல் காட்டுத்தீயில் சிக்கி இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. அதனால் வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போகவே வேண்டாம். கோயில் காடு, காட்டோர வண்டிப்பாதை போதும். விடிந்ததும் கிளம்பி வெயில் ஏறுமுன் திரும்பிடுங்க. கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்குங்க, அடுப்பு மூட்டாதீங்க. கூட வரும் ஆண்கள் பீடி, தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். வயசான அம்மா ஒருத்தரைக் கட்டாயம் கூட்டிப்போங்க, மரத்தின் பேர் அவங்களுக்குத்தான் தெரியும். கொன்றைக் கிளையை ஒடிக்காதீங்க. கீழே உதிர்ந்த பூவே மடி நிறையக் கிடைக்கும்.