ஹீட்டர் பாக்ஸுக்கு முன்னால் எஞ்சினைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய காரைப் புதுப்பிப்பவர் ஹீட்டர் பாக்ஸைக் கழற்றினால் வழக்கமாக என்ன செய்வார்? துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிப்பார், பொடிந்துபோன ஃபோமை மாற்றுவார், நின்றுபோன புளோயர் மோட்டாரை ஓடவைத்துத் திரும்பப் பூட்டுவார். எஞ்சின் தண்ணீரால் குளிரும் வண்டி என்றால் இது பெரும்பாலும் போதும். காற்றால் குளிரும் வண்டியில் இதே வேலை ஆபத்தைக் கூட்டிவிடக்கூடும். செவ்ரலே கோர்வேர் இதற்கு நல்ல உதாரணம். 1961 மாடல் முதல் அந்தக் காரின் வழக்கமான ஹீட்டர், பின்பக்க எஞ்சினின் சிலிண்டர்களைத் தொட்டுச் சூடேறிய காற்றையே பிடித்து உள்ளே அனுப்பியது. அந்தக் காற்று போகும் வழியிலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இணைப்புகளும் இருக்கின்றன. கேஸ்கெட் தளர்ந்தால் கார்பன் மோனாக்சைடு அதில் கலக்கும். புஷ்ராடு குழாய்களின் ஓ-ரிங் காய்ந்து இறுகினால் எண்ணெய் கசிந்து புகையும். மோட்டார் செத்துக் கிடந்தவரை உள்ளே கொஞ்சமாக வந்த நச்சை, புதுப்பித்த புளோயர் முழு வேகத்தில் தள்ளிக் கொடுக்கும். ஆகவே வேலையைப் பாக்ஸில் தொடங்குவதே தலைகீழ்.

இது வெறும் ஊகம் இல்லை. 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே, ஹீட்டர் வழியாகப் புகை கசியலாம் என்று கோர்வேர் உரிமையாளர்களை எச்சரித்தது. ஆனால் பழுது பார்க்கும் செலவு உரிமையாளர் தலையில்தான். 1966-ஆம் ஆண்டின் வாகனப் பாதுகாப்புச் சட்டம், குறையைத் தெரிவிக்கும் கடமையை மட்டுமே நிறுவனங்களுக்கு விதித்திருந்தது. இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்ற கட்டாயம் 1974 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கும் வயது வரம்பு உண்டு: முதல் விற்பனையிலிருந்து 8 ஆண்டு என்றிருந்ததை 2000-இல் 10 ஆகவும், 2015-இல் 15 ஆகவும் நீட்டினார்கள். அறுபதுகளின் காருக்கு இதில் எதுவும் எட்டாது. நிறுவனத்தின் பொறுப்பு முடிந்த இடத்தில், ஸ்பேனரைக் கையில் எடுப்பவரின் பொறுப்பு தொடங்குகிறது.

‘ஐம்பது வருஷமாக ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். ஐம்பது வருஷம் ஓடியதால்தானே ரப்பர் காய்ந்திருக்கிறது! ‘கசிந்தால் வாடை காட்டிக்கொடுத்துவிடும்’ என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. மூக்குக்குத் தெரிவது எண்ணெய்ப் புகை; கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எண்ணெய் துளியும் கசியாமல் எக்ஸாஸ்ட் மட்டும் கசியலாம். கோர்வேர் மீது வீண்பழி போடுவதாகவும் சிலர் சலித்துக்கொள்வார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது: வாகனப் பாதுகாப்புக்காகப் போராடிய ரால்ஃப் நேடர் 1965-இல் சாடியது அதன் சஸ்பென்ஷனை, அக்காலத்தின் ஒத்த கார்களைவிட அது மோசமில்லை என்று 1972-இல் அரசுப் பரிசோதனை சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு ஓட்டும் தன்மைக்குத்தான், ஹீட்டருக்கு அல்ல.

முதல் வேலை மேனிஃபோல்டு கேஸ்கெட்டுகளையும் ஓ-ரிங்குகளையும் மாற்றுவது, பிறகுதான் பாக்ஸ். கழற்றும்போது இன்னொரு எச்சரிக்கை: அக்கால கேஸ்கெட்டிலும் வெப்பம் தடுக்கும் அட்டையிலும் கல்நார் இருக்கலாம். ஆய்வகத்தில் சோதிக்கும்வரை இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் சுரண்டவோ, கம்பி பிரஷ் போடவோ, காற்றடித்து ஊதவோ கூடாது. நனைத்து எடுத்துப் பையில் கட்டி மூடுங்கள். பட்டறைத் தொழிலாளிக்குப் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது: பெயர் வெளியே வராமல், அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அரசு அமைப்பான ‘ஓஷா’விடம் புகார் செய்யலாம், அதற்காக முதலாளி பழிவாங்கினால் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். சொந்தக் கொட்டகையில் வேலை செய்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

பூட்டி முடித்தபின் கருவி வைத்து அளக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். வீட்டுச் சுவரில் மாட்டும் அலாரம் இதற்கு உதவாது: பத்து லட்சத்துக்கு 70 பங்கு என்ற அளவில் அது ஒலிக்க 1 முதல் 4 மணி நேரம்வரை ஆகலாம். குறைந்த அளவையும் உடனே எண்ணில் காட்டும் மீட்டர் வேண்டும். ஓட்டும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் பயண அசதி என்று தள்ளிவிடாமல் எஞ்சினை நிறுத்தி வெளியே இறங்குங்கள். மருத்துவரிடம் ‘கார்பன் மோனாக்சைடாக இருக்கலாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டர் இந்த நஞ்சு ஏறியவருக்கும் எல்லாம் சரி என்றே காட்டக்கூடும். வேலையை மெக்கானிக்கிடம் விட்டால் எந்த கேஸ்கெட், எந்த ஓ-ரிங் என்று எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கலிஃபோர்னியாவில் வேலை ஒப்படைக்கும்போதே கேட்டுவைத்தால், மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பப் பெறவும் சட்டம் வழி செய்கிறது.