கொல்லிமலைக்கு வி.ஆர். கண்ணாடி எதற்கு?



வளப்பூர் நாட்டு மருத்துவ ஊழியத்தை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கிவரும் அன்பர்கள் சிலர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். மருந்துக்கே பணம் போதாத மலையில் ஊழியம் செய்யப்போகும் நர்சிங் மாணவியருக்கு, கண்ணில் மாட்டும் கம்ப்யூட்டர் பயிற்சி தேவைதானா என்பதே அந்தக் கேள்வி. இது நியாயமான கேள்வி. காணிக்கை கொடுப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்வியும்கூட. எனவே இந்த இதழில் அதை விளக்க விரும்புகிறோம்.

முதலில் தேவை என்னவென்று பார்ப்போம். பிரசவமான தாய் ஒருத்திக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடும் உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே உயிரை எடுத்துவிடக்கூடும். காரவள்ளியிலிருந்து மலைக்கு ஏறும் பாதையிலோ 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஆம்புலன்ஸ் இறங்கிச் சேரும்வரை அந்தத் தாயின் பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் ஓர் இளம் நர்சுதான். கர்ப்பப்பையைத் தேய்த்து இறுகச் செய்வது, ஆக்ஸிடோசின் ஊசி போடுவது, நச்சுக்கொடி முழுவதும் வந்ததா என்று பார்ப்பது, டிரிப் ஏற்றுவது ஆகிய எல்லாவற்றையும் அவர் தயங்காமல் செய்தாக வேண்டும்.

இதை அவர் எங்கே கற்றிருப்பார்? பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட ஆபத்து நேர்ந்தால் மூத்தவர்கள் ஓடிவருவார்கள். மாணவி பின்னால் ஒதுங்கி நிற்பாள். அது சரியான முறையே. ஆனால் அவள் முதன்முதலாகத் தன் கையால் அதைச் செய்யும் நாள், மலையில் தனியாக நிற்கும் நாளாகிவிடுகிறது. அந்த முதல் தவற்றின் விலையைக் கொடுப்பது ஏழைத் தாய்தான். இதுவே நம் முன் உள்ள பாரம்.

வி.ஆர். என்று சொல்லப்படும் மெய்நிகர் காட்சி இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. தலையில் மாட்டும் கருவிக்குள் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்கள் தெரியும். அதனால் காட்சிக்கு ஆழம் கிடைக்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மாணவி பிரசவ அறையிலேயே நிற்பதுபோல் உணர்கிறாள். நோயாளியின் நாடித்துடிப்பு ஏறுகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது. அவள் தாமதித்தால் நிலைமை மோசமாகும். தவறு செய்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். யாருக்கும் தீங்கில்லை.

இதனால் பலன் உண்டா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி மருத்துவர்கள் 16 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. கம்ப்யூட்டர் திரையில் பழகியவர்கள் பித்தப்பை அறுவையில் ஒரு பகுதியை 29 சதவீதம் விரைவாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ வேறு திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. அது தலையில் மாட்டும் கருவி அல்ல, ஆய்வும் சிறியது. ஆனாலும் நோயாளியைத் தொடுமுன் பழகுவது வீண் அல்ல என்பதைக் காட்டியது. நம் நாட்டில் 2019இல் வந்த மருத்துவக் கல்வி விதிகள், மருத்துவக் கல்லூரிகளில் செய்முறைத் திறன் கூடம் இருக்க வேண்டும் என்று கூறின. மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் நடத்தும் பாண்டிச்சேரி பிம்ஸ் மருத்துவக் கல்லூரியில், சென்னை மெடிசிம் வி.ஆர். நிறுவனத்தின் உதவியோடு இத்தகைய பயிற்சிக் கூடம் அமைந்துள்ளது.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். இன்னொரு குறை பெரியது. தொடு உணர்வு அதில் சரியாகக் கிடைப்பதில்லை. இறுகிய கர்ப்பப்பைக்கும் தளர்ந்த கர்ப்பப்பைக்கும் உள்ள வேறுபாட்டைக் கைதான் அறியும். இந்த மலையில் 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளரின் கைகளைச் சீர்ப்படுத்தியவர். தொழுநோயில் விரல்கள் சிதைவதற்கு உணர்வு இழப்பே முக்கிய காரணம் என்று உலகுக்கு எடுத்துக்காட்டியவரும் அவரே. உணர்வில்லாத கை எவ்வளவு குறையுள்ளது என்பதைக் கொல்லிமலை மறக்கலாகாது.

ஆகவே பொம்மைப் பயிற்சியும் கூடவே வேண்டும். நார்வே நாட்டில் பொம்மை செய்து விற்ற லேர்டால் என்பவர், மூச்சூட்டிப் பழகுவதற்கான பொம்மையை 1960இல் கொண்டுவந்தார். பிறந்த குழந்தை ஒரு நிமிடத்திற்குள் மூச்சுவிட உதவும் பயிற்சித் திட்டம் 2010 முதல் ஏழை நாடுகளில் பரவியது. அதில் பயன்படும் குழந்தைப் பொம்மையில் தண்ணீரை நிரப்பினால் போதும், மின்சாரம் வேண்டாம்.

எங்கள் எண்ணம் இதுதான். கண்ணாடிக் கருவி மலையேற வேண்டியதில்லை. அது சமவெளிக் கல்லூரியில் பல மாணவியருக்குப் பொதுவாக இருக்கட்டும். மலையில் பொம்மைகளும், மாதந்தோறும் பழகும் வழக்கமும் இருக்கட்டும். பழகிய கைகள் மலைக்கு வரட்டும். மருந்துக்காக நீங்கள் கொடுக்கும் காணிக்கை மருந்துக்கே செலவாகும்.

பால் பிராண்டின் தந்தை ஜெஸ்ஸி பிராண்ட் இம்மலையில் நடந்து நடந்து மக்களைச் சந்தித்து, 1929இல் இங்கேயே காய்ச்சலில் மரித்தார். மக்கள்மேல் கொண்ட அந்த அன்பை எந்தக் கருவியும் கற்றுத்தராது. அதைத் தேவனே மாணவியரின் உள்ளத்தில் தர வேண்டும். அதற்காகவும், மலையில் தனியே இரவுப்பணி செய்யும் சகோதரிகளுக்காகவும், பிரசவத்திற்குக் காத்திருக்கும் தாய்மாருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் ஆசீர்வதிப்பாராக.