மேனியும் கூந்தலும்

மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையில் உண்டோ, செயற்கையால் வருவதோ எனப் பாண்டியன் ஒருவனுக்கு ஐயம் எழுந்ததும், அதனைத் தீர்க்கும் பாட்டிற்குப் பொற்கிழி தூக்கியதும், அது காரணமாக நக்கீரர் இறைவனோடே வழக்காடியதும் திருவிளையாடற் புராணம் கற்றார் யாவரும் அறிவர். பூவும் சாந்தும் சார்ந்தே கூந்தல் மணக்கும் என்பது நக்கீரர் கட்சி. புராணக் கதையே ஆயினும் நாம் கொள்ளத்தக்க நெறியொன்று அதன்கண் உண்டு. சொல்பவர் யாவர் என்று பாராது, சொல்லப்படும் பொருள் மெய்யோ என்று ஆராய்தலே அந்நெறியாம். இக்காலத்தில் மேனியையும் கூந்தலையும் பற்றிச் சொல்பவர் மிகப் பலர். பாட்டிமார் சொல்கின்றனர், அங்காடிக்காரர் சொல்கின்றனர், விளம்பரங்கள் சொல்கின்றன, விடுதி நண்பர்களோ விளக்கணைந்த பின்னும் சொல்லி ஓய்ந்தபாடில்லை. அவர் கூற்றுக்களுள் தள்ளத்தக்கன சிலவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் மயிரின் இயல்பை அறிதல் வேண்டும். மயிர் செடியைப் போல வளர்வதெனப் பலரும் கூறுவர். உவமை அழகியதே, ஆயினும் பல பிழைகளுக்கு வித்தாவதும் அதுவே. செடிக்கு இலையின் நுனிவரை உயிருண்டு. மயிருக்கோ தோலினுள்ளே புதைந்து கிடக்கும் வேரில் மட்டுமே உயிருண்டு. தோலின்மேல் நாம் கண்டு மகிழும் இழை முழுவதும் கெராட்டின் என்னும் புரதத்தால் ஆகிய உயிரற்ற பொருள். நகத்தின் நுனியும் அத்தகையதே. அதனாலன்றோ மயிரையும் நகத்தையும் வெட்டுங்கால் நமக்கு நோவு தோன்றுவதில்லை! இவ்வொரு செய்தியை மனத்திற் கொள்வோமாயின் பொய்க் கொள்கைகள் பலவும் தாமே உதிர்ந்துவிடும்.

தலையை மழித்தால் முடி அடர்ந்து வளரும், முகத்தை மழித்தால் தாடி தடித்து வளரும் என்பது அவற்றுள் முதலாவது. கத்தி படுவது உயிரற்ற இழையில். வேர் அச்செய்தியை அறியாது. இயல்பாக வளர்ந்த மயிரின் நுனி ஊசிபோற் கூர்த்திருக்கும். மழித்தபின் எழுவது மட்டமாக வெட்டுண்ட முனையோடு எழுதலின், தொடுவார் கைக்குத் தடித்ததுபோலத் தோன்றும். மில்டிரெட் டிராட்டர் என்னும் அமெரிக்கப் பெண்மணியார் 1928இல் இதனை அளந்து பார்த்து, மழித்தலால் மயிரின் பருமனும் வளர்ச்சியின் விரைவும் மாறுவதில்லை எனக் கண்டார். குழந்தைக்கு மொட்டையடித்த பின்னர் நன்முடி வரக் கண்டோமே என்பார் உளர். பிறந்த குழந்தையின் மென்மயிர் நாளடைவில் தானே உதிர்ந்து வேறு மயிர் தோன்றுதல் இயற்கை. மொட்டையடியாத குழந்தைக்கும் அஃது அங்ஙனமே தோன்றும்.

எண்ணெய் மயிருக்கு உணவு என்பது மற்றொன்று. உயிரற்றதற்கு உணவு எற்றுக்கு? மயிரின் வேருக்கு வேண்டும் உணவு நாம் உண்ணும் உணவினின்று குருதியின் வழியே செல்கின்றது. இதனால் எண்ணெய் பயனற்றது என்று எவரும் கொள்ளற்க. தேங்காயெண்ணெய் மயிரிழையினுள்ளே சிறிது ஊடுருவி, நீராடுங்கால் இழை ஊறிப் பருத்தலையும் அதன் புரதம் கழிதலையும் குறைக்கின்றது. எனவே, பாட்டிமார் செய்கை நன்று. அதற்கு அவர் கூறும் காரணமே பொருந்தாது. பொடுகு உடையாரோ தலையில் எண்ணெயை மிகுதியாகத் தேய்த்தல் ஆகாது. பொடுகிற்கு ஏதுவாகிய நுண்காளான் தோலின் எண்ணெய்ப் பசையை உண்டே வாழ்வதாகலின், நாம் மேலும் எண்ணெய் ஊற்றுதல் அதற்கு விருந்திடுதலாய் முடியும்.

இனி, மயிர் உதிர்தலைப் பற்றி ஒன்று. மக்கள் தலையில் ஏறத்தாழ 1,00,000 மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வரை வளர்ந்து, சில திங்கள் ஓய்ந்திருந்து, பின்னர் உதிர்ந்து புதிதிற்கு இடந்தரும். நாள்தோறும் 50 முதல் 100 வரை உதிர்தல் இயல்பே. கடுஞ்சுரம், மகப்பேறு, உணவுக் குறைவு முதலியவற்றால் உடல் நலிந்தால், அவ்வமயம் ஓய்வு நிலையை அடைந்த மயிர்கள் இரண்டு மூன்று திங்கள் கழித்து ஒருங்கே உதிரும். காரணத்திற்கும் காரியத்திற்கும் இடையே இத்துணைக் காலம் கிடத்தலின், மக்கள் பழியை வேறெங்கோ சுமத்துவர். எம் விடுதித் தோழர் ஒருவர் ஐப்பசித் திங்களில் டெங்குச் சுரத்தால் வருந்தினார். தைத் திங்களில் சீப்பு நிறைய மயிர் உதிரக் கண்டு விடுதித் தண்ணீரைத் தூற்றினார். ஊரினின்று குடங்குடமாக நீர் கொணர்விக்கவும் முற்பட்டார். அவர் முடி ஆடித் திங்களுக்குள் மீண்டு வளர்ந்தது. அதன் புகழை ஊர்க் கிணறு பெற்றுக்கொண்டது!

ஒரு நரையைப் பிடுங்கினால் பத்து நரை தோன்றும் என்பதும் பொய்யே. ஒவ்வொரு மயிருக்கும் தனித்தனி வேர் உண்டு. ஒன்றைப் பிடுங்குதலால் அயலது வெளுக்காது. பிளந்த நுனியை ஒட்டுவிக்கும் மருந்தும் இல்லை. வெட்டுதல் ஒன்றே அதற்கு வழி.

கூந்தலை விடுத்து மேனிக்கு வருவோம். முகப்பரு அழுக்கினால் வருவதென்று கருதி, நாளொன்றுக்கு ஐந்தாறு முறை சவர்க்காரமிட்டு முகத்தைத் தேய்க்கும் இளைஞர் எம்முள் பலர். இளமைப் பருவத்தில் உடலினுள் சுரக்கும் சில சுரப்புநீர்களால் தோலின் நெய்ச்சுரப்பிகள் பெருகிச் சுரக்கின்றன. மயிர்த்துளைகள் அந்நெய்யாலும் இறந்த தோலணுக்களாலும் அடைபடுகின்றன. அங்கே நுண்ணுயிர்கள் பெருகி வீக்கம் உண்டாகின்றது. இதுவே பருவின் வரலாறு. அழுக்கு இதன்கண் யாண்டும் வந்திலது. நற்றோல் சிறிது புளிப்புத் தன்மை உடையது. சவர்க்காரமோ காரத் தன்மை உடையது. ஓயாது தேய்த்தலால் தோலின் காப்பு அழிந்து பரு பின்னும் சினக்கும். காலையும் மாலையும் மென்மையாகக் கழுவுதல் அமையும்.

இயற்கைப் பொருள் எதுவும் தீங்கு செய்யாது என்பதும் ஆராயத்தக்கது. எட்டிக்காயும் அரளியும் இயற்கைப் பொருள்களே அல்லவோ? எலுமிச்சைச் சாற்றை முகத்திற் பூசி வெயிலிற் சென்றாருக்குத் தோல் வெந்து கொப்புளித்து, ஆறிய பின்னரும் கருந்திட்டு நிற்றல் உண்டு.

இங்ஙனம் பொய்க் கொள்கைகள் பலவற்றுள்ளும் பெருந்தீங்கு விளைப்பது ஒன்றுளது. கறுப்பு ஒரு குறை, அது நீக்கத்தக்கது, நீக்கவும் கூடும் என்பதே அது. தோலின் நிறத்திற்குக் காரணம் மெலனின் என்னும் நிறப்பொருள். அதனை ஆக்கும் அணுக்கள் வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் ஏறத்தாழ ஒரே தொகையின. அவை ஆக்கும் நிறப்பொருளின் அளவும் தன்மையுமே வேறுபடுவன. அந்நிறப்பொருள் தோலணுக்களின் உட்கருவின்மேல் குடைபோலக் கவிந்து நின்று, ஞாயிற்றின் கொடுங்கதிர் அதனைத் தாக்காது காக்கின்றது. வெயில் மிக்க நாட்டில் வாழ்வார்க்கு இக்குடை எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? குடை உண்டென்று வெயிலில் அஞ்சாது திரிதலும் தவறு. கறுத்த தோலும் கடுவெயிலால் கெடும். ஆயினும், குடையை அழுக்கென்று எண்ணிக் கிழித்தெறிவாரை அறிவுடையார் என்று யார் கூறுவர்?

எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுகின்றோம். எம் தமக்கையாரின் இசைவு பெற்றே எழுதுகின்றோம். அவரைப் பெண்பார்க்க வந்தவர்கள், "எல்லாம் பொருந்தியிருக்கின்றன, பெண் மட்டும் சற்றுக் கறுப்பு" என்று ஒரு சொல்லை விட்டுச் சென்றனர். எம் அன்னையார் அன்றிரவு உண்ணவில்லை. மறுநாள் அண்டை வீட்டார் பரிந்துரைத்த பூச்சொன்று வீட்டிற்கு வந்தது. செய்தவர் பெயரும் சேர்த்த பொருள்களின் பட்டியும் அதன் சிமிழில் இல்லை. மூன்று வாரத்தில் முகம் வெளுத்தது, உறவினர் வியந்தனர். நான்காம் திங்களில் பூச்சுத் தீர்ந்தது. தீர்ந்த சில நாட்களில் முகம் தணல்போற் சிவந்து எரியத் தொடங்கியது. கன்னங்களிற் பருக்களும் மென்மயிரும் தோன்றின. வெயிலில் நிற்க இயலாமையால் அவர் கோயிலுக்குச் செல்வதையும் விட்டுவிட்டார். நிலைக்கண்ணாடியின்மேல் ஒரு சேலையைப் போர்த்தி வைத்தார்.

தோல் மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்தவுடன், "என்ன நோய்?" என்று கேட்கவில்லை, "என்ன பூசினீர்கள்?" என்றே கேட்டார். ஸ்டீராய்டு என்னும் வலிய மருந்தை நெடுநாள் பூசியதன் விளைவு அது என விளக்கினார். அம்மருந்து முதலில் தோலை வெளுப்பிக்கும். பின்னர் அதனை மெலிவித்து, விட்டால் எரியும் நிலைக்குக் கொணரும். இத்தகைய பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாது என்று இந்திய அரசு 2018இல் விதித்தது. வேறு சில வெண்மைப் பூச்சுகளில் பாதரசம் சேர்க்கப்படுகின்றது. அது நிறப்பொருள் உண்டாதலைத் தடுப்பதோடு, தோலின் வழியே உட்சென்று சிறுநீரகங்களைக் கெடுக்கும். 2013இல் நாடுகள் ஏற்ற மினமாட்டா உடன்படிக்கை அவற்றைத் தடுக்க முயல்கின்றது. 1975இல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்து புகழ்பெற்ற வேறொரு பூச்சு, வெண்மையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் தன் பெயரினின்று 2020இல் நீக்கியது. பூச்சின் பெயரை மாற்றுதல் எளிது; பெண்பார்க்கச் செல்வார் கையிலுள்ள அளவுகோலை மாற்றுதலே அரிது.

எம் தமக்கையார் முகம் ஆற ஓராண்டிற்கு மேலாயிற்று. அக்காலத்தில் ஒருநாள் அவர், "தம்பி, பழைய கறுப்பே எனக்குத் திரும்பி வந்தால் போதும்" என்றார். பின்னர்க் கல்லூரியில் குறுந்தொகை பாடங் கேட்டபோது, வெள்ளிவீதியார் தம் மாமைக் கவினைப் பசலை உண்ணக் கண்டு வருந்தும் 27ஆம் செய்யுளில் எம் நெஞ்சம் நின்றுவிட்டது. மாமை என்பது மாந்தளிரின் நிறம். அதுவே நம் முன்னோர்க்கு அழகு. அது நீங்கி மேனி வெளிறுதலே பசலை. அது துன்பத்தின் அடையாளம். திருவள்ளுவரும் 119ஆம் அதிகாரத்தை அத்துன்பத்திற்கே உரியதாக்கினார். முன்னோர் அழகென்று போற்றியதை நாம் குறையென்று நாணுகின்றோம். அவர் நோயென்று அஞ்சியதை நாம் விலைகொடுத்து வாங்குகின்றோம். இதனினும் பெரிய பொய்க் கொள்கை வேறு யாதுளது?

மேனிக்கும் கூந்தலுக்கும் வேண்டுவன சிலவே. நல்லுணவும், போதிய உறக்கமும், மென்மையான தூய்மையும், வெயிலில் குடையும் அவையாம். நோய் தோன்றின் தக்க மருத்துவரை நாடுக. பெயரற்ற சிமிழை நாடற்க. உடன்பிறந்தாளையேனும் தோழியையேனும் நோக்கி, "சற்றுக் கறுப்பு" என்னும் அச்சொல்லை நம் நாவினின்று விலக்குக. இறைவன் எதிரே நின்றபோதும் பிழையைப் பிழை என்று கூற அஞ்சாத புலவன் வாழ்ந்ததாகக் கதை கூறும் நாடு நம் நாடு. அண்டை வீட்டாரிடமும் அங்காடிக்காரரிடமும் அதனைக் கூற நாம் அஞ்சுதல் தகுமோ?