உங்களுக்குத் தெரியுமா? ஆக்சிஜனைத் தவிர...

"மரம் எதற்கு?" என்று எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும், "ஆக்சிஜன் தரும் மிஸ்" என்று பதில் வரும். "மழை தரும்" என்பது அடுத்த பதில். இரண்டுக்கும் மார்க் போட்டுவிடலாம். ஆனால் மரம் நம் உடம்புக்குச் செய்கிற உபகாரத்தில் ஆக்சிஜனின் பங்கு ரொம்பச் சின்னது. மிச்சப் பங்குகள்தான் இந்த வாரச் சரக்கு.

அரசமரமும் வாட்ஸ்அப்பும்

அரசும் வேம்பும் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்று மாதம் ஒரு முறையாவது யாராவது அனுப்பிவிடுகிறார்கள். விடாது. இலையில் வெளிச்சம் பட்டால்தான் ஆக்சிஜன். இருட்டிவிட்டால் எந்த மரமும் நம்மைப் போலத்தான்: ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். உடனே, "ஓ, புளியமரத்துப் பேய்க்குக் காரணம் அதுதானா!" என்று விஞ்ஞான விளக்கம் கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள். அதுவும் இல்லை. திறந்தவெளியில் அந்த வாயு நிற்காமல் காற்றோடு கலந்துபோய்விடும். பேய்க்கு வேறு காரணம்தான் தேட வேண்டும்.

இன்னொன்று. மரம் நிறைந்த இடத்தில் ஆக்சிஜன் கூடுதல் என்பதும் இல்லை. அண்ணா சாலைக் காற்றிலும் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், முதுமலைக் காட்டிலும் அதே 21. உலகில் உற்பத்தியாகும் ஆக்சிஜனில் ஏறத்தாழ பாதி, கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் உழைப்பு.

சோபாவா, தொட்டியா?

வீட்டுக்குள் மணிபிளான்ட் வைத்தால் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கைக்கு மூலம், 1989இல் வெளிவந்த நாசாவின் ஓர் ஆய்வு. அது செய்யப்பட்டது காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டிக்குள். 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் இப்படிப்பட்ட பழைய சோதனைகளை எல்லாம் கூட்டிக் கணக்குப் போட்டார்கள். ஒரு கட்டடத்தில் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைச் செடி செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 தொட்டிகள் தேவையாம். வைக்கலாம், நாம் வெளியே படுத்துக்கொள்ள வேண்டும். ஜன்னலைத் திறப்பது சுலபம். மணிபிளான்ட் அழகுக்கு இருக்கட்டும்.

27.5 டிகிரி வித்தியாசம்

பெங்களூருவில் மரம் இருக்கும் சாலைகளையும் இல்லாத சாலைகளையும் ஒப்பிட்டு ஹரிணி நாகேந்திரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மரமுள்ள சாலையில் பிற்பகல் காற்றின் வெப்பம் அதிகபட்சம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைவு. தார்ச்சாலையின் மேற்பரப்பு வெப்பம்? 27.5 டிகிரி வரை குறைவு!

இந்தக் கணக்கை எந்தக் கருவியும் இல்லாமல் போட்டுவைத்திருந்தவர், எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணன். அவர் வண்டிக்குச் சக்கரம் இருப்பது ஊர் ஊராகப் போக அல்ல, ஒரே தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றிவர. "காலைல பத்து மணி வரைக்கும் அந்தப் பக்கம் சார், அப்புறம் இந்தப் பக்கம். நிழலு எங்க போவுதோ அங்க நானு" என்பார். முன்னால் கரி கனலும் பெட்டி, தலைக்கு மேல் மே மாத வெயில். நடுவில் ஒரு மனிதன் எட்டு மணி நேரம் நிற்க முடிந்ததென்றால் அது அந்தக் குடையால்தான். அவருக்குப் பக்கத்தில் பூக்காரம்மா, செருப்பு தைப்பவர், ஆட்டோ ஸ்டாண்டு. ஒரு மரத்தடியில் ஆறு குடும்பத்துச் சம்பாத்தியம் நடந்தது.

பானைத் தண்ணீர் வித்தை

சிமென்ட் கூரை தரும் நிழலைவிட மர நிழல் ஏன் இதமாக இருக்கிறது? மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறதோ, அதனால்தான். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மரம் அதையே இலைத்துளைகள் வழியாகச் செய்கிறது. வேருக்குத் தண்ணீர் கிடைத்தால், நன்றாக வளர்ந்த மரம் ஒரு கோடை நாளில் நூறு லிட்டருக்கு மேல்கூட ஆவியாக்கும். கூரை வெயிலை மறைக்கும், அவ்வளவுதான். அதுவே சூடேறி நம் தலைமேல் அனலையும் இறக்கும்.

ஐரோப்பாவின் 93 நகரங்களை வைத்து 2023இல் வந்த ஓர் ஆய்வு, அந்த நகரங்களின் மரப்பரப்பை 30 சதவீதமாக உயர்த்தினால் ஒரு கோடைக்காலத்தில் 2,644 மரணங்களைத் தவிர்க்கலாம் என்று மதிப்பிட்டது. அங்கேயே அப்படி. இங்கே வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது 2024 அக்டோபரில்.

பித்தப்பையும் செங்கல் சுவரும்

மரமும் மருத்துவமும் என்று பேச்செடுத்தால் எல்லாரும் சுட்டுவது 1984இல் 'சயின்ஸ்' இதழில் ராஜர் உல்ரிச் எழுதிய சின்னக் கட்டுரையை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. அங்கே பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தங்கிய அறைகளில் சிலவற்றின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள். மற்றவற்றுக்கு வெளியே பழுப்புச் செங்கல் சுவர். யாருக்கு எந்த அறை என்பது காலியாக இருந்ததைப் பொறுத்தது. உல்ரிச் 1972 முதல் 1981 வரையிலான கேஸ் ஷீட்டுகளை எடுத்தார். வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, குண்டா ஒல்லியா, அறைச் சுவரின் நிறம் உட்பட எல்லாம் பொருந்துகிற மாதிரி, கல்யாணப் பொருத்தம் பார்ப்பதுபோல, 23 ஜோடிகளைச் சேர்த்தார். குளிர்காலத்தில் அங்கே இலை கொட்டிவிடும் என்பதால் மே முதல் அக்டோபர் வரையிலான கேஸ்கள் மட்டும்.

மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீட்டுக்குப் போனார்கள். சுவர் பார்த்தவர்கள் 8.70 நாளில். முக்கால் நாள்தானே என்று தோன்றும். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் பட்டது நர்ஸ்களின் குறிப்பு. அழுகிறார், மனசு சரியில்லை, நிறைய தைரியம் சொல்ல வேண்டியிருக்கிறது என்ற ரகக் குறிப்புகள், சுவர்ப் பக்க நோயாளி ஒருவருக்குச் சராசரி 3.96. மரத்துப் பக்கம் 1.13. கடுமையான வலிமருந்தும் மரத்துப் பக்கம் குறைவாகவே செலவானது. ஆய்வு நடக்கிறது என்றே தெரியாமல் டியூட்டியில் எழுதிய குறிப்புகள் அவை என்பதுதான் அழகு.

46 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் அதற்குப் பிறகு கட்டப்பட்ட பல மருத்துவமனைகளின் வரைபடத்தில் தோட்டத்துக்கு இடம் கிடைத்ததில் இந்த 46 பேருக்குப் பங்குண்டு.

பச்சை வண்டு நடத்திய பரிசோதனை

"பணக்காரத் தெருவில் மரம் இருக்கும். பணக்காரனுக்கு ஆரோக்கியமும் இருக்கும். இதில் மரம் எங்கே வந்தது?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல மரங்களை வெட்டிப் பார்க்கவா முடியும்? ஒரு வண்டு பார்த்தது.

ஆசியாவைச் சேர்ந்த, மரகதம்போல மின்னும் ஒரு பச்சை வண்டு 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டது. அதன் புழு, ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் சாறு ஓடும் பகுதியைத் தின்றுதீர்க்கும். சில வருடங்களில் மரம் காலி. பணக்காரர் தெரு, ஏழைகள் தெரு என்று வண்டு பார்க்கவில்லை. பத்துக் கோடி மரங்கள் போயின. ஜெஃப்ரி டோனவன் என்ற அமெரிக்க வனத்துறை ஆய்வாளரும் உடனிருந்தவர்களும், வண்டு பரவிய 15 மாநிலங்களின் மரணப் பதிவேடுகளை 1990 முதல் 2007 வரை புரட்டினார்கள். வண்டு வந்த மாவட்டங்களில் சுவாச நோயால் 6,113 பேரும் இதய, ரத்தக்குழாய் நோய்களால் 15,080 பேரும் கூடுதலாக இறந்திருந்தது தெரிந்தது. வசதியான மாவட்டங்களில் தாக்கம் இன்னும் அதிகம். இழப்பதற்கு அங்கேதானே நிறைய மரம் இருந்தது!

சீட்டுக் குலுக்கி நட்ட புல்

அதே கேள்விக்கு ஃபிலடெல்ஃபியாவில் நேரடியாகவே விடை தேடினார்கள். குப்பை மேடாகக் கிடந்த 541 காலி மனைகள். சீட்டுக் குலுக்குகிற மாதிரி மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அள்ளிப் புல் விரித்து, சில மரங்களும் நட்டு, குட்டையான மரவேலி போட்டார்கள். இன்னொரு பகுதியில் குப்பை மட்டும் அள்ளினார்கள். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018இல் முடிவு வந்தது: பசுமையாக்கிய மனைகளுக்கு அருகில் வசித்தவர்களில், மனம் சோர்ந்துபோயிருக்கிறேன் என்று சொன்னவர்கள் 41.5 சதவீதம் குறைந்திருந்தார்கள். குப்பையை மட்டும் அள்ளிய இடங்களில் சொல்லும்படியான மாற்றமில்லை. சுத்தம் வேறு, பச்சை வேறு.

வாரம் 2 மணி

இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் எடுத்த கணக்கு. வாரத்துக்கு 120 நிமிடமாவது பூங்கா, காடு, கடற்கரை என்று கழிப்பவர்கள், அப்படிப் போகாதவர்களைவிட நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரமா, தினமும் கொஞ்சமா என்பதில் வித்தியாசம் இல்லை.

காட்டில் குளியல், மூக்கில் தும்மல்

காட்டுக்குள் சும்மா நடந்துவருவதற்கு ஜப்பானியர் 1982இல் ஒரு பெயர் வைத்தார்கள்: ஷின்ரின்-யோகு. 'வனக்குளியல்' என்று சொல்லலாம். பெயர் வைத்தது கவிஞர் அல்ல, அந்நாட்டு வனத்துறை! டோக்கியோ மருத்துவர் சிங் லீ, மூன்று நாள் காட்டில் சுற்றவிட்டு ரத்தம் எடுத்துப் பார்த்ததில், நோய்க்கிருமிகளையும் புற்றணுக்களையும் எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்களின் வேகம் கூடியிருந்தது. ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்தும் அதன் மிச்சம் தெரிந்தது. மரங்கள் விடும் வாசனை எண்ணெய்களுக்கு இதில் பங்கிருக்கலாம் என்பது அவர் கருத்து. சோதனைக்கு வந்தவர்கள் சிலரே என்பதால் நான் பாதி மார்க்தான் கொடுப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், அதே ஜப்பானில் சுமார் பத்தில் நான்கு பேருக்கு மரத்தால் அலர்ஜி. போருக்குப் பிறகு வீடு கட்ட மரம் வேண்டும் என்று மலைமலையாக சுகி மரத்தை நட்டார்கள். வசந்தகாலம் வந்தால் அதன் மகரந்தம் நாட்டையே தும்மவைக்கிறது. எதை நடுகிறோம் என்பதும் முக்கியம். நம் பக்கத்திலும், அழகுக்கென்று பரவிய கோனோகார்ப்பஸ் மரத்துக்கு 2023இல் குஜராத் தடை போட்டது.

மண்ணைத் தொடாதே!

பின்லாந்தில் சில மழலையர் காப்பகங்களின் சரளை முற்றத்தில், காட்டிலிருந்து மண்ணும் பாசியும் செடியுமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து பரப்பினார்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் இருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்களின் வகை பெருகியது. நோய் எதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ரத்தக் குறிகளும் மேம்பட்டன. சேற்றில் இறங்கியதற்கு அடி வாங்கிய தலைமுறை இதை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.

கண்ணாடி வேண்டாமா?

சீனாவின் குவாங்சோவில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம். வழக்கம்போல வகுப்பிலேயே இருந்த பள்ளிகளில் 39.5. வேலை செய்தது மரம் அல்ல, பகல் வெளிச்சம். ஆனால் நம் வெயிலில் மரநிழல் இல்லாத மைதானத்தில் 40 நிமிடம் எந்தப் பிள்ளை நிற்கும்? நம் வீட்டு டியூப்லைட்டைவிட மரநிழலில் வெளிச்சம் பல மடங்கு அதிகம்.

3, 30, 300

வீட்டிலிருந்து பார்த்தால் 3 மரம் தெரிய வேண்டும். பேட்டையில் 30 சதவீதம் மரப்பரப்பு இருக்க வேண்டும். 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா வேண்டும். நகர வனவியலாளர் செசில் கொனைனென்டைக் 2021இல் சொன்ன அளவுகோல். உட்கார்ந்த இடத்திலேயே முதல் கணக்கைச் சரிபார்க்கலாம். என் ஜன்னலில் ஒன்றரை: ஒரு முருங்கை, பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு மறைத்தது போக மிச்சமிருக்கும் ஒரு மாமரம்.

மரத்துக்கு மெயில்

சிங்கப்பூர் சாலையோரத்தில் பிரம்மாண்டமாக விரிந்திருக்கும் மரத்தைப் பார்த்து நம்மவர்கள் அசந்துபோவார்கள். அது வேறெதுவும் அல்ல, நம் தூங்குமூஞ்சிதான். அங்கே 1963 ஜூன் 16 அன்று பிரதமர் லீ குவான் யூ ஒரு கன்று நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் இன்னும் ஒரு படி மேலே. மாநகராட்சி 2013 வாக்கில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தது. கிளை முறிந்தால், பூச்சி அரித்தால் மக்கள் புகார் அனுப்பட்டும் என்று. வந்ததென்னவோ காதல் கடிதங்கள். 'தினமும் உன்னைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போகிறேன்' என்கிற ரகம். சிலவற்றுக்கு மரத்தின் சார்பில் பதிலும் போனது.

எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சிக்கும் ஒரு நம்பர் இருந்தது. பட்டையைக் கொஞ்சம் செதுக்கி, மஞ்சள் பெயின்டில் 17 என்று எழுதியிருந்தார்கள். "நம்ம மரத்தையும் கணக்குல சேத்துட்டாங்க சார்" என்று இஸ்திரி அண்ணன் சந்தோஷமாகக் காட்டினார். எதற்கான கணக்கு என்று மெஷின் ரம்பத்தோடு லாரி வந்து நின்ற அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது அவர் வண்டிமேல் நீல தார்ப்பாய் கட்டியிருக்கிறது. பதினோரு மணிக்கு மேல் கடை இல்லை. துணியைக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும்.